பொருளைப் பார்த்த பிறகே பாடம்: ஒரு தினத்தியான நூலோடு ஓராண்டு

அன்றாட வாழ்க்கையின் சிறு நிகழ்ச்சிகளிலிருந்து கிறிஸ்தவ விசுவாசத்துக்குரிய பாடங்களை எடுத்துச் சொல்லும் தினத்தியான நூல் ஒன்றை, இடையில் விட்டுப்போன நாள்களையும் பின்னர் சேர்த்துப் படித்து, ஓராண்டில் முழுமையாக வாசித்து முடித்திருக்கிறேன். நூலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் இவ்வகை நூல்கள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடியவை. இப்படியொரு நூலைத் தமக்காகவோ பிறருக்குப் பரிசாகவோ வாங்க எண்ணுகிறவர், எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அதன் தரத்தை அறியலாம் என்பதைச் சொல்வதே எனக்கு முக்கியம்.

அமைப்பு எளிமையானது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே ஒரு வேதவசனம், அதன் கீழே வீட்டிலோ வேலையிடத்திலோ வழியிலோ நடந்த ஒரு நிகழ்ச்சி, பிறகு அதிலிருந்து பெறும் பாடம், ஒற்றை வரி ஜெபம், கடைசியில் வாசகர் எழுதிக்கொள்ள நான்கு வெற்றுக் கோடுகள். எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது. வயதானவர்கள் கண்ணாடியைத் தேடாமல் வாசிக்கலாம். நூல் மேசைமேல் விரித்தபடி நிற்கும் வகையில் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். தாள்தான் மெல்லியது, அந்த நான்கு கோடுகளில் மைப்பேனாவால் எழுதினால் மறுநாள் பக்கத்தில் ஊறித் தெரிகிறது. பென்சிலால் எழுதுவது நல்லது.

இவ்வகை எழுத்தை எளிதாக எண்ணி ஒதுக்குகிறவர்கள் உண்டு. பாத்திரம் கழுவுவதிலும் செருப்பின் வார் அறுவதிலும் பாடம் தேடுவது வேதத்தைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேவனுடைய கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6-ஆம் அதிகாரம், அதற்குரிய இடங்களாக வீட்டில் உட்கார்ந்திருப்பதையும், வழியில் நடப்பதையும், படுப்பதையும், எழுந்திருப்பதையுமே குறிப்பிடுகிறது. ஆண்டவராகிய இயேசு பரலோக ராஜ்யத்தைப் பற்றிப் பேசியபோது கையில் எடுத்தவை விளக்கு, உப்பு, வலை, பழைய வஸ்திரத்தில் போட்ட ஒட்டு, மாவில் வைத்த புளிப்பு ஆகியவைதான். சோம்பேறியின் வயலைக் கடந்துபோன ஞானி, முள்ளும் காஞ்சொறியும் மூடிக் கிடந்ததையும் கற்சுவர் இடிந்து கிடந்ததையும் சொல்லிவிட்டு, "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்கிறார் (நீதிமொழிகள் 24:32). காண்பது, சிந்திப்பது, பிறகு புத்தியடைவது என்ற அந்த வரிசையைத்தான் இந்த நூலை அளக்கும் கோலாக ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோலுக்குச் சரியாக நின்ற பக்கங்களில் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பைப் பிடித்திருக்கும் மிகச் சிறிய திருகாணி கழன்று தரையில் விழுந்துவிட்டதைப் பற்றிய பக்கம் அது. எழுதியவர் அறையின் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் ஓடும்படி செய்தார். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தரையின் நிறத்தோடு கலந்து மறைந்திருந்த திருகாணி, தாழ்ந்து வந்த வெளிச்சத்தில் தன்னைக் காட்டிலும் பலமடங்கு நீளமான நிழலை விரித்துக் காட்டிக்கொடுத்தது. இதை எழுதிவிட்டுத்தான் அவர் லூக்கா 15-ஆம் அதிகாரத்துக்கு வருகிறார். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும்வரை ஜாக்கிரதையாய்த் தேடுகிறாள். தொலைந்ததைத் தேடுகிறவர் அது விழுந்து கிடக்கும் மட்டத்துக்குத் தாழ வேண்டியிருக்கிறது என்று அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிடுகிறார். மனுஷகுமாரனின் தாழ்மையைப் பற்றி அதற்குமேல் அவர் விளக்கம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

அன்று இரவு நான் அதைச் செய்து பார்த்தேன். ஒரு சிறிய பொத்தானைத் தரையில் உருட்டிவிட்டு, விளக்கை அணைத்து, கைவிளக்கைத் தரையில் கிடத்தினேன். பொத்தான் தெரிந்தது; அதைவிட அதிகமாக, காலையில் பெருக்கியதாக நான் நம்பியிருந்த தரையின் தூசி முழுவதும், ஒவ்வொரு துகளும் தன் நிழலோடு, எழுந்து நின்றது. அந்தப் பெண் விளக்கைக் கொளுத்தியதோடு நிற்காமல் வீட்டையும் பெருக்கினாள் என்று வேதம் ஏன் சொல்கிறது என்பது, பல முறை கேட்ட பிரசங்கங்களில் விளங்காதது, முழங்காலிட்டுத் தரையைப் பார்த்த அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. நூலாசிரியர் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் அந்தத் திருகாணியை இவ்வளவு கவனமாகப் பார்த்திராவிட்டால் நானும் தரையைப் பார்த்திருக்க மாட்டேன். இவ்வகை நூலிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

மாவு பிசைவதைப் பற்றிய பக்கமும் அப்படியே. புளிப்பைச் சேர்த்துப் பிசைந்து மூடிவைத்த மாவை, பொங்குகிறதா என்று பார்க்க அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்க்கும் பொறுமையின்மையை எழுதியவர் மறைக்காமல் சொல்கிறார். மத்தேயு 13:33-இல் அந்தப் பெண் புளித்த மாவை மூன்றுபடி மாவிலே "முழுவதும் புளிக்கும்வரைக்கும் அடக்கிவைத்தாள்" என்றிருக்கிறது. மூல மொழியில் அச்சொல்லுக்கு மறைத்துவைத்தல் என்பதே பொருள். மறைந்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று அவர் காட்டும் இடம் அழகானது. ஒன்றைத்தான் அவர் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். மூலத்தில் உள்ள அளவு நம் படியைவிடப் பெரியது; அந்த மூன்று அளவு மாவு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 36 முதல் 40 லிட்டர். ஒரு குடும்பத்தின் ஒரு வேளைக்கானது அன்று, ஒரு கூட்டத்துக்கே போதுமானது. அதைப் பிசைந்த கைகளின் வலியையும், அவ்வளவு பெரிய மாவுக்குள் போய் மறைந்த புளிப்பின் சிறுமையையும் ஒரு வரியாவது சொல்லியிருந்தால் பக்கம் இன்னும் நிறைந்திருக்கும்.

இனி, கோலுக்கு நிற்காத பக்கங்கள். நூலில் இவை குறைவல்ல; குறிப்பாக ஆண்டின் நடுப்பகுதியில், எழுதியவர்கள் களைத்துவிட்டார்களோ என்று எண்ணும் அளவுக்கு அடுத்தடுத்து வருகின்றன. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோனதைப் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசிக்கு மின்னேற்றம் எப்படியோ அப்படியே ஆத்துமாவுக்கு ஜெபம், ஆகையால் தினமும் காலையில் மின்னேற்றிக்கொண்டு வெளியே புறப்படுங்கள் என்று அது முடிகிறது. வாசிக்கச் சுலபமாக இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் சொன்னால் பிள்ளைகள் உடனே தலையசைப்பார்கள். ஆனால் அங்கே கைப்பேசியை யாரும் பார்க்கவில்லை. ஜெபிக்க வேண்டும் என்ற முடிவு முன்பே தயாராக இருந்தது. அதைத் தொங்கவிட ஓர் ஆணி தேவைப்பட்டது, கைப்பேசி கையருகே இருந்தது. அந்த இடத்தில் விளக்கின் எண்ணெயையோ வண்டியின் எரிபொருளையோ வைத்தாலும் ஒரு சொல்கூட மாற வேண்டியதில்லை. பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்த்தும் பாடம் அசையாமல் நின்றால், அந்தப் பொருளிடமிருந்து எதுவும் கற்கப்படவில்லை என்றே கொள்ளலாம். கடையில் நின்று புரட்டிப் பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பக்கங்களில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய குறை அந்தப் பக்கத்தின் உபதேசத்தில் இருக்கிறது. மின்னேற்றியதும் கைப்பேசியைக் கம்பியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறோம்; நிரப்பிக்கொள்வது, பிரிந்துபோவது, தீர்ந்ததும் திரும்பி வருவது என்பதுதான் அதன் இயல்பு. ஆண்டவர் சொன்னதோ, "என்னில் நிலைத்திருங்கள்" (யோவான் 15:4). திராட்சச்செடியில் நிலைத்திராத கொடி தானாய்க் கனிகொடுக்க மாட்டாது என்று அவர் அதே வசனத்தில் சொல்கிறார். காலையில் சாறு ஏற்றிக்கொண்டு பகல் முழுவதும் செடியை விட்டு வாழ்கிற கொடி என்று ஒன்று இல்லை. கைப்பேசியையே இன்னும் சற்றுக் கவனித்துப் பார்த்திருந்தால், அது ஜெபத்துக்கு எங்கே ஒப்பாகாமல் போகிறது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒப்பாகாமையே ஒரு நல்ல தியானமாக ஆகியிருக்கும். அவசரமாக எடுத்த உவமை, கற்பிக்க நினைத்ததற்கு எதிரானதைக் கற்பித்துவிடுகிறது. இதை நான் சிறிய பிழையாக எண்ணவில்லை, ஏனென்றால் இந்நூலை வாசிப்பவர்களில் பலர் அன்றைக்கு வேதத்தைத் தனியாகத் திறக்க நேரமில்லாதவர்கள். இந்த ஒரு பக்கமே அவர்களுக்கு அன்றைய உபதேசம்.

வசனங்களைத் தெரிந்தெடுத்திருக்கும் விதத்திலும் கவனம் போதாது. எரேமியா 29:11, தொலைந்த சாவி கிடைத்த பக்கத்தில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் வரி அது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் நாளைக் கண்ணால் காணாமலே மரித்திருப்பார்கள். அந்த நம்பிக்கையின் எடையை ஒரு சாவிக்கொத்தின்மேல் ஏற்றும்போது, வசனம் எளிதாகிவிடுகிறது. புலம்பல் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பகுதி எடுத்திருக்கிறார்கள். கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்ற மூன்றாம் அதிகாரத்தின் பகுதி. அதைச் சுற்றியிருக்கும் ஐந்து அதிகாரக் கண்ணீரில் ஒரு துளியும் நூலுக்குள் வரவில்லை. இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதமும் இல்லை. அன்றாட வாழ்க்கையில் இருளில் முடிகிற நாள்களும் உண்டு என்பதால், இந்த விடுபாடு அந்த வாழ்க்கையைப் பற்றிய நூலுக்குக் குறையே.

இதோடு சேர்ந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பக்கம். நோயுற்றுப் படுத்திருந்த பக்கத்துவீட்டுக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லும் அந்தப் பக்கம், மனிதர் மேலே நோக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தேவன் சில வேளைகளில் அவர்களைப் படுக்கவைக்கிறார் என்று முடிகிறது. அந்தப் பக்கத்துக்குரிய தேதியில் நான் என் தாயாரின் மருத்துவமனைக் கட்டிலருகே இருந்தேன். மூன்றாம் நாளாகத் தூக்கம் இல்லை. அவர் விழித்திருந்த சில நிமிடங்களில் ஏதாவது வாசிக்கச் சொல்வார். வழக்கம்போல நூலைத் திறந்து முதல் பத்தியை வாசித்தேன், இரண்டாவது பத்தியில் கண் முன்னே ஓடிப்போய் முடிவைப் பார்த்தது, குரல் நின்றுவிட்டது. நூலை மூடிவிட்டு 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னேன். அம்மா உதடுகளால் கூடச் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் கோட்பாட்டுப் பிழை உண்டா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. யார் துன்பத்திலிருந்து யார் பாடம் எடுப்பது என்பதே முதல் கேள்வி. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து, உடலெங்கும் புண்ணாகிக் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை; அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு வாய் திறந்து அவனுடைய புண்களிலிருந்து பாடங்களை எடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னவற்றில் பல, தனியே எடுத்தால், பக்தியான வாக்கியங்கள்தான். ஆனாலும் கர்த்தர் அவர்களில் ஒருவனாகிய எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மரித்த செய்தியை ஆண்டவரே எடுத்துப் பேசியபோது, மரித்தவர்களின் வாழ்க்கைக்குள் அவர் பாடம் தேடவில்லை. எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமாகவே அதைத் திருப்பினார். பவுல் தம் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள்ளைப் பற்றிப் பாடம் சொல்கிறார். அது அவருடைய முள். மூன்று தரம் வேண்டிக்கொண்டு, பதில் பெற்ற பிறகு, தம் வாயால் சொல்கிறார். இந்நூலிலும் தன் சொந்த நோயைப் பற்றி ஒருவர் எழுதிய பக்கம் ஒன்று உண்டு. மருந்தின் கசப்பையும், ஜெபிக்க முடியாமல் கிடந்த இரவுகளில் மற்றவர்கள் தமக்காக ஜெபித்ததையும் மட்டும் சொல்லி, காரணம் எதையும் தேடாமல் முடித்திருக்கிறார். அதைப் பல முறை வாசித்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் பதிப்பாசிரியர்கள் அந்தப் பக்கத்துவீட்டுக்காரர் பக்கத்தை நீக்கிவிட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பயன்படுத்தும் முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நாளுக்கொரு வசனம் என்ற வழக்கம் பழையது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர் என்னும் புராட்டஸ்டண்ட் சபையாரின் நடுவே 1728-இல் அவர்களுடைய தலைவரான சின்சென்டார்ஃப் பிரபு அன்றன்றைக்குரிய வசனத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1731-ஆம் ஆண்டுக்கு அது அச்சிலும் வந்தது, இன்றும் ஆண்டுதோறும் பல மொழிகளில் வெளிவருகிறது. அங்கே காலையில் கையில் கொடுக்கப்பட்டது வசனம். நிகழ்ச்சிகளை அன்றைய நாள் தானே கொண்டுவந்தது. இந்த நூலிலோ நிகழ்ச்சியும் பாடமும் சமைத்துப் பரிமாறப்பட்டுவிடுகின்றன. முதல் இரண்டு மாதம் காலையில் வாசித்தேன், மதியத்துக்குள் மறந்துவிட்டது. பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். காலையில் மேலே இருக்கும் வசனத்தை மட்டும் வாசித்து, வேதத்தில் அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதியைப் பார்ப்பேன். இரவில் ஓர் அட்டையால் பாடத்தை மறைத்துக்கொண்டு நிகழ்ச்சியை வாசித்து, அன்று நானே கண்ட ஏதாவதொன்றைப் பென்சிலால் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே அட்டையை எடுப்பேன். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் வழியில் நாளின் முடிவில் அந்த நாளைத் திரும்பிப் பார்த்து ஜெபிக்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நூலின் உண்மையான பயன் எனக்கு அதன் பிறகுதான் தொடங்கியது. பல நாள்களில் நூலாசிரியரின் பாடம் என்னுடையதைவிட ஆழமாக இருந்தது. சில நாள்களில் அட்டையை எடுத்தபோது ஏமாற்றமாக இருந்தது.

எதுவும் எழுதத் தோன்றாத இரவுகளும் உண்டு. அந்தக் கோடுகளை வெறுமையாக விட்டுவிடக் கற்றுக்கொள்ள வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கர்மேல் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையின் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், இயல்பாகவே தமக்குப் பிடிக்காத அந்த வேலையின் நடுவில் தேவனுடைய சந்நிதியில் இருக்கப் பழகியவர். பாத்திரங்களிலிருந்து பாடங்களைத் திரட்ட அவர் முயலவில்லை. பாத்திரங்களோடு இருக்கும்போதே ஆண்டவரோடும் இருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு பாடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று இந்த நூலின் அமைப்பு நம்மைப் பழக்குவது எனக்குச் சற்று அச்சத்தைத் தருகிறது. தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தால் அதைக் கூட்டி அள்ளுவதே போதுமான நாள்கள் உண்டு. தேதி அச்சிட்டிருப்பதும் இந்த நெருக்குதலைக் கூட்டுகிறது. நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு பக்கங்கள் கடன்போல நிற்கின்றன. தேதிக்குப் பதிலாக எண் மட்டும் போட்டிருக்கலாம்.

மொழி பொதுவாகத் தெளிவானது. பின்னிணைப்பாக உள்ள வசன அட்டவணை, செய்தி கொடுக்கிறவர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் மிகவும் உதவும். ஒரு வேதபகுதிக்கு உரிய நிகழ்ச்சியை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த நிகழ்ச்சியை அப்படியே சொல்லாமல், அந்தப் பொருளைத் தாங்களும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வேன். குயவனைக் குறித்த வார்த்தை தீர்க்கதரிசியாகிய எரேமியாவுக்கு இருந்த இடத்திலேயே கொடுக்கப்படவில்லை. எழுந்து குயவன் வீட்டுக்குப் போ, அங்கே என் வார்த்தைகளை உனக்குத் தெரிவிப்பேன் என்று சொல்லப்பட்டது. அவர் போனார், திரிகையில் வனைவதைக் கண்டார், மண்பாண்டம் கெட்டுப்போனதையும், குயவன் அதே மண்ணைத் திரும்ப வனைந்ததையும் கண்டார், அதன் பிறகே கர்த்தருடைய வார்த்தை உண்டானது.

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கும், தனித்தியானப் பழக்கம் நின்றுபோய் மீண்டும் தொடங்க விரும்புகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க ஏதேனும் தேடுகிற பெற்றோருக்கும், வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வார்கள் என்றால், இந்நூலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். துக்கத்திலோ நீண்ட நோயிலோ இருப்பவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். அவர்களிடம் சங்கீத புத்தகத்தோடு போய் உட்கார்ந்திருப்பது நல்லது. என் பிரதி இப்போது ஓரம் நைந்து, கோடுகளில் பென்சில் எழுத்து மங்கிக் கிடக்கிறது. திருகாணிப் பக்கத்தின் நான்கு கோடுகளிலும் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். பக்கத்துவீட்டுக்காரர் பக்கத்தின் நான்கு கோடுகளில், அம்மாவோடு சேர்ந்து சொன்ன சங்கீதத்தின் எண்ணும் அன்றைய தேதியும் மட்டும் இருக்கின்றன.